புது சஃபாரி எடுக்கலாமா? "இது சஃபாரியே இல்ல"ன்னு அப்பா சொல்றாக

தங்கச்சிமடத்தான் கேட்டது:

வணக்கம் மக்களே. எங்க வீட்ல 2008 டாட்டா சஃபாரி டைகார் 2.2 டீசல் வண்டி இருக்கு, நாலு சக்கரமும் இழுக்குற ஃபோர் பை ஃபோர், ஸ்டெப்னி பின்கதவுல தொங்குற மாடல். தனுஷ்கோடிக்கு 2017ல தார் ரோடு வர்றதுக்கு முன்னாடி முகுந்தராயர் சத்திரத்துக்கு அங்கிட்டு மணல்லயும் தண்ணிலயும் அப்பா ஓட்டிட்டுப் போன வண்டி, அதனால அத விக்கணும்னாலே அவுகளுக்கு முகம் வாடிருது. 15 வருசம் முடிஞ்சு ஆர்சி புதுப்பிச்சு ஓட்டுறோம், ஆனா அடிச்சட்டத்த, அதான் சேஸிஸ, கடல்காத்து தின்னுருச்சு, வெல்டிங்காரர் இதுக்கு மேல பத்த வைக்க இரும்பே இல்லன்னுட்டாரு.

அப்பத்தாவோட சேத்து வீட்ல ஏழு பேரு. மதுரைல போயி புது சஃபாரிய பாத்தோம், எனக்கும் வீட்டுக்காரிக்கும் ரொம்ப பிடிச்சுருச்சு, அப்பா மட்டும் குனிஞ்சு அடில பாத்துட்டு "பேர மட்டும் எடுத்து வேற வண்டில ஒட்டிட்டாய்ங்க"ன்னு சொல்லிட்டு வெளிய போய் நின்னுட்டாக. அவுக சொல்றதுல உண்மை இருக்கா, இல்ல பழைய வண்டி மேல உள்ள பாசமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

உச்சிப்புளி பையன்:

அண்ணே நான் ஒரகடம் பக்கம் ஒரு பார்ட்ஸ் கம்பெனில வேல பாக்குறேன், அதனால தெரிஞ்சத சொல்றேன். அப்பா சொல்றது உண்மை தான். 2019ல டாட்டாவோட ஹாரியர் வந்துச்சுல்ல, அதோட பின்பக்கத்த நீட்டி மூணாவது வரிசை போட்ட வண்டிய 2020 ஆட்டோ எக்ஸ்போல கிராவிடாஸ்ங்குற பேர்ல காட்டுனாய்ங்க, அப்பறம் 2021 ஜனவரில அதே வண்டிக்கு சஃபாரின்னு பேர் மாத்திட்டாய்ங்க. வியாபாரமா பாத்தா புரியுது. கிராவிடாஸ்ங்குற பேர நம்ம ஊரு ஆளுக மனசுல பதிய வைக்க எத்தன வருச விளம்பரம் வேணும், சஃபாரின்னா 1998ல இருந்து எல்லாருக்கும் தெரியும். டாட்டாவோட இன்னொரு பழைய வண்டி சியரா பேரையும் 2025 நவம்பர்ல இதே மாதிரி திரும்ப கொண்டாந்தாச்சு.

ஆனா ஒண்ணு. பழசு ஏணி மாதிரி சேஸிஸ், பின்சக்கர இழுவை. புதுசுல பாடியும் சேஸிஸும் ஒண்ணு, முன்சக்கர இழுவை மட்டும், ஃபோர் பை ஃபோர் கிடையவே கிடையாது. சஃபாரின்னு பேர் வச்சுட்டு அத ஒரு வேரியன்ட்லயாவது குடுத்துருக்கணும், இது என் மனசுல உள்ள ஆத்தாமை. மஹிந்திரா 2022ல ஸ்கார்பியோ-என் கொண்டாந்தப்ப பழசையும் ஸ்கார்பியோ கிளாசிக்னு வச்சு வித்தாங்க, பிடிச்சவன் பிடிச்சத வாங்கிக்கன்னு. எனக்கு அது தான் நேர்மையா படுது.

அதுக்காக புதுசு மட்டம்னு சொல்ல மாட்டேன். உங்க அப்பா வண்டி வாங்குன அதே 2008ல தான் டாட்டா ஜாகுவார் லேண்ட் ரோவர ஃபோர்டு கிட்ட இருந்து வாங்குனாங்க, அந்த லேண்ட் ரோவரோட டி8 பிளாட்ஃபார்ம்ல இருந்து வந்தது தான் இதோட அடிப்பாகம். 2 லிட்டர் டீசல், 170 குதிரை. நாலு வழிச்சால ஓட்டத்துக்கு பழசு இது பக்கத்துல வராது.

ராமேஸ்வரம் டிரைவர்:

மாப்ள இவ்வளவு எதுக்கு, நீங்க மணல்ல இறக்குவீங்களா மாட்டீங்களா, அத மொதல்ல சொல்லுங்க. இப்ப தனுஷ்கோடி தாண்டி கடைசி அரிச்சல்முனை வரைக்கும் ரோடு கெடக்கு. இறக்குவோம்னா வேணாம். ஏழு பேர ஏத்துனா பாரம் பின்னாடி போயிரும், இழுக்குற சக்கரம் முன்னாடி இருக்கு, மணல்ல ஆக்சிலேட்டர மிதிச்சா முன்சக்கரம் சுத்தி சுத்தி குழி தோண்டிக்கும். நான் வேற ஒரு முன்சக்கர வண்டிய சவுக்குத் தோப்பு மணல்ல விட்டு ரெண்டு மணி நேரம் நின்னுருக்கேன், டயர்ல காத்த இறக்கி, அடில தென்ன மட்டைய போட்டு, மீன் வண்டிக்காரங்க கயிறு கட்டி இழுத்து தான் வெளிய வந்துச்சு.

புதுசுல ஸ்டெப்னி அடில இருக்கு. எந்த கம்பெனி வண்டியா இருந்தாலும் நம்ம பக்கம் அத இறக்குற கேபிள் உப்புல பிடிச்சுக்கும், அதனால மாசம் ஒரு தடவ இறக்கி ஏத்துங்க, அடிய நல்ல தண்ணில கழுவுங்க. இன்னொண்ணு, மத்த கம்பெனியும் இந்த வழிக்கு வருது. இன்னோவால ஹைகிராஸ்னு புது மாடல் வந்து அதுவும் முன்சக்கரம் ஆயிருச்சு, எங்கள மாதிரி டாக்ஸி ஓட்டுறவங்களுக்கும் ஆகட்டும்னு பின்சக்கர இழுவை உள்ள முந்துன மாடல் டீசல் கிரிஸ்டாவ நிப்பாட்டாம வச்சுருந்தாங்க.

கீழக்கரை அக்கா:

தம்பி, எல்லாரும் அடிய பத்தியே பேசுறீங்க, உள்ள உக்காருறவங்கள பத்தி நான் சொல்றேன். எங்க வாப்பாகிட்டயும் பழைய சஃபாரி இருந்துச்சு, ஒவ்வொரு தடவையும் எங்க வீட்டு வயசானவங்கள ரெண்டு பேர் தூக்கி தான் ஏத்தணும், உயரம் அவ்வளவு. உங்க அப்பத்தாவ ஷோரூமுக்கு கூட்டிட்டுப் போயி ஏறி இறங்க சொல்லி பாருங்க, அப்பறம் முடிவு பண்ணுங்க.

அந்த காலத்துல ஏர்பேக்க யாரு கேட்டா, இப்ப இந்த சஃபாரில ஏழு வரைக்கும் வருது. 2023 டிசம்பர்ல பாரத் என்கேப் மோதல் டெஸ்ட்ல முதல்முதலா ரிசல்ட் வந்ததே இந்த சஃபாரிக்கும் ஹாரியருக்கும் தான், பெரியவங்களுக்கும் பிள்ளைகளுக்கும் அஞ்சு ஸ்டார். ராத்திரி ஈசிஆர்ல பிள்ளைகளோட வர்றவளுக்கு பேரு எதுவா இருந்தா என்ன. எனக்கு பிடிக்காதது ஏசிக்கு வச்ச தொடுதிரை பட்டன், ஓட்டுறப்ப பாக்காம கை வைக்க முடியாது. மூணாவது வரிசைய நிமித்தி வச்சா பை வைக்கவும் எடம் பத்தாது, பாத்துக்கங்க. வெல விசயம், 2025 செப்டம்பர் 22ல இருந்து பெரிய எஸ்யுவிக்கு வரி 50 சதவீதத்துல இருந்து 40 ஆச்சு, அதனால முன்ன விசாரிச்ச வெலய வச்சு கணக்கு போடாதீங்க.

தங்கச்சிமடத்தான்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. உச்சிப்புளி தம்பி எழுதுனத அப்பாவுக்கு வாசிச்சு காட்டுனேன், கிராவிடாஸ் கதைய கேட்டதும் "பாத்தியா நான் சொன்னேன்ல"ன்னு அவுக முகத்துல ஒரு வெளிச்சம், அதுக்கப்பறம் தான் உக்காந்து பேசவே ஆரம்பிச்சாக. மணல்ல இறக்கப்போறது இல்ல. சனிக்கிழம அப்பத்தாவயும் கூட்டிட்டு ஏழு பேரா மதுரைக்கு டெஸ்ட் டிரைவ் போறோம். நம்ம பழைய வண்டில தான் போகணும், ஓட்டுறது நான் தான்னு அப்பா சொல்லிட்டாக.