முகாம் வாசலில் அப்பத்தா சொன்ன வரி: அந்த நாவலைப் படித்தவர்களின் அனுபவப் பகிர்வு

திருப்புல்லாணியிலிருந்து:

கதையை மறுபடியும் சொல்லப் போவதில்லை. இங்கே எழுதுகிறவர்கள் பதினேழாம் அத்தியாயத்தைத் தாண்டியவர்கள்தாம் என்று எடுத்துக்கொள்கிறேன். தாண்டாதவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்வது நல்லது. நாவலைவிட, அதை என் அம்மாவுக்கு வாசித்துக் காட்டிய இரவுதான் என்னை இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது.

கண்புரை அறுவை முடிந்து அம்மா வீட்டில் இருந்த நாட்கள் அவை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நாளுக்கு ஓர் அத்தியாயமாக நான் படிப்பேன். அவர் கண்ணை மூடிப் படுத்தபடி கேட்பார். 1964 டிசம்பர் புயலில் போய்விட்டதாக ஊரே நம்பிய தாத்தா இலங்கைத் தலைமன்னாரில் வேறொரு குடும்பத்தோடு இருப்பதாகக் கடிதம் வருகிற இடத்தில் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஆடி அமாவாசையன்று சேதுக்கரையில், அந்தக் கடிதத்தை மடியில் செருகிக்கொண்டே, உயிரோடிருக்கிற மனிதருக்கு மகனை எள்ளும் தண்ணீரும் இறைக்கச் சொல்லுகிறாரே அப்பத்தா, அங்கேயும் பேசவில்லை. 1983 இலங்கைக் கலவரத்துக்குப் பிறகு படகேறி வந்த கிழவரை அடையாளம் காட்டுவதற்காக மண்டபம் அகதி முகாமுக்கு அழைத்துப் போகிறார்கள். அங்கே வாசலில் நின்று, "இவரை எனக்குத் தெரியாது" என்று அப்பத்தா சொல்லும் வரியை நான் படித்ததும், அம்மா எழுந்து உட்கார்ந்து, "போதும், மூடி வை" என்றார். அதன்பின் மீதிக் கதை என்ன ஆயிற்று என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

எங்கள் வீட்டிலும் தனுஷ்கோடித் துறைமுகத்தில் சுமை தூக்கிக்கொண்டிருந்த தாய்மாமா ஒருவருக்கு வருடம் தவறாமல் எள் இறைப்பது வழக்கம். அந்த ஆடி அமாவாசைக்கு நான் எள் வாங்கி வந்து வைத்தபோது, "யாருக்கு?" என்றார் அம்மா. மாமாவுக்குத்தான் என்றேன். "அவன் உடம்பை யார் பார்த்தது?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அரிசி களையப் போய்விட்டார். அந்தக் கேள்வி வெறும் துக்கமா, அல்லது அவருக்கு ஏதாவது தெரியுமா என்று எனக்கு விளங்கவில்லை, கேட்கவும் துணியவில்லை. அப்பத்தாவைக் கொடுமைக்காரி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஒரு வரியை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கீழக்கரையிலிருந்து:

அப்பத்தா கடிதத்தைக் கருப்பட்டிப் பானைக்குள் ஒளித்து வைக்கிறார். எங்கள் வீட்டில் ஒளித்து வைக்க வேண்டிய தேவையே இருந்ததில்லை. என் உம்மாவைப் பெற்றவருக்குக் கொழும்பிலிருந்து வந்த கடிதங்கள் அனைத்தும் ஒரு தகரப் பெட்டியில், பூட்டுகூட இல்லாமல், எல்லோரும் நடமாடுகிற அறையில்தான் இருந்தன. அவை அரபுத் தமிழில், அதாவது அரபு எழுத்தில் தமிழாக எழுதப்பட்டவை. அவர் காலத்துப் பெண்கள் சரளமாகப் படித்த அந்த எழுத்து எங்கள் தலைமுறையில் எவருக்கும் வராது என்பதே பூட்டாக இருந்தது.

நாவலை முடித்த இரவு அந்தப் பெட்டியைத் திறந்தேன். குர்ஆன் ஓதத் தெரிந்தவன் என்பதால் எழுத்துக் கூட்ட முடிந்தது. தமிழ் ஒலிகளுக்கென்று சேர்த்த கூடுதல் எழுத்துகள் மட்டும் தடுக்கின. ஸலாம் சொல்லும் முதல் வரி எளிதாக ஓடிற்று. இரண்டாம் வரியில் 'பிள்ளை' என்ற சொல் வந்தது, அதற்கடுத்து 'பேர்' என்று வந்தது, அதற்கடுத்து நான் கூட்டிப் படித்த பெயர் எங்கள் குடும்பத்தில் எவருக்கும் இல்லாத பெயர். மடித்து வைத்துவிட்டேன். நான்கு மாதங்களாகிவிட்டன. ஆலிம்சா ஒருவரிடம் கொடுத்தால் அரை மணி நேரத்தில் படித்துச் சொல்லிவிடுவார் என்கிறார் என் ராத்தா. அப்படிப் படித்துவிட்டால் அந்தப் பெயர் ஆலிம்சாவுக்கும் தெரிந்ததாகிவிடுமே என்பதுதான் என் தயக்கம்.

திருப்புல்லாணி நண்பர் மன்னிக்க முடியவில்லை என்கிறார். எனக்கு அப்பத்தாவின் பக்கம்தான் நியாயம் படுகிறது. புயலில் தனுஷ்கோடித் துறை அழிந்தாலும், பிறகு இராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடிக்கொண்டுதானே இருந்தது? வர நினைத்திருந்தால் அந்த மனிதர் அத்தனை வருடங்களில் ஒரு முறையாவது வந்திருக்கலாம். கலவரம் துரத்தியபோதுதான் அவருக்கு மனைவி நினைவு வந்ததா?

இராமநாதபுரத்திலிருந்து, வழக்கறிஞர் அலுவலக எழுத்தர்:

முதலில் ஒரு திருத்தம். நாவலில் ஒரு பாத்திரம் தாத்தா 'போட்மெயிலில்', அதாவது சென்னையிலிருந்து இலங்கைக் கப்பலோடு இணைத்து ஓடிய ரயிலில், போனதாகச் சொல்கிறது. அதை நாவலாசிரியரின் பிழை என்று சிலர் சொல்லக் கேட்டேன். பிழையில்லை, ஊரார் அப்படித்தான் குழப்பிக்கொள்கிறார்கள். 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் அலை கொண்டுபோனது பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற 653ஆம் எண் பயணிகள் ரயில். நூற்றுக்கும் மேற்பட்டோர் அதில் இறந்தார்கள். சீட்டில்லாமல் ஏறியவர்களைச் சேர்த்தால் எண்ணிக்கை கூடும் என்று இன்றும் பேசிக்கொள்கிறார்கள். பெயர்ப் பட்டியலில் இல்லாத ஒருவரும் அந்த ரயிலில் இருந்திருக்கலாம் என்பதால்தான் அப்பத்தாவின் பொய் அத்தனை ஆண்டுகள் நின்றது.

என் அனுபவம் சிறியது. நீதிமன்றத் தாழ்வாரத்தில் இந்த நாவலைப் படித்துக்கொண்டிருந்தேன். கடலுக்குப் போன கணவர் திரும்பாத பெண் ஒருவர், வாய்தாவுக்காகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், "என்ன கதைங்கய்யா?" என்று கேட்டார். புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஏதோ பழைய கதை என்றேன். அவ்வளவுதான்.

ஆனால் திருப்புல்லாணி நண்பரின் மாமா விஷயத்தில் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். ஒருவர் உயிரோடிருந்தால் அதை இயல்பாகக் கேள்விப்பட்டிருக்க வேண்டியவர்கள் 7 ஆண்டுகளாக எதுவும் கேள்விப்படவில்லை என்றால், அவர் உயிரோடிருக்கிறார் என்று சொல்பவரே அதை நிரூபிக்க வேண்டும் என்பது 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவு. 2023இல் வந்த புதிய சட்டத்திலும் அந்த விதி தொடர்கிறது. இதை வைத்து இறந்துவிட்டார் என்று அனுமானிக்கலாமே தவிர, இன்ன தேதியில் இறந்தார் என்பது அனுமானத்தில் வராது; தேதி வேண்டுமென்றால் தனியாக நிரூபிக்க வேண்டும். பலரும் காணாமல்போன நாளையே இறந்த நாளாக மனுவில் எழுதிவிட்டுப் பிறகு திண்டாடுகிறார்கள். உரிமையியல் நீதிமன்றத்தில், அவர் இறந்துவிட்டதாக அறிவிக்கும் விளம்புகைத் தீர்ப்புக் கேட்டு வழக்குப் போட வேண்டும். காணவில்லை என்ற காவல் நிலையப் புகாரின் நகல் இருந்தால் நல்லது. தீர்ப்பு கையில் வந்த பிறகுதான் வாரிசுச் சான்றுக்கும் பட்டா மாற்றத்துக்கும் அலைய வேண்டும். புயலில் போனவர்களின் பெயரில் இன்றும் தென்னந்தோப்புகள் அப்படியே கிடக்கின்றன. பேரன் காலத்தில் பங்கு பிரிக்கும்போதுதான் பிரச்சினை வெடிக்கிறது. மாமா பெயரில் சொத்து ஏதேனும் இருந்தால் இப்போதே வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்துவிடுங்கள்.

இவ்வளவையும் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 'இயல்பாகக் கேள்விப்பட்டிருக்க வேண்டியவர்கள்' என்று சட்டம் சொல்கிறதே, நாவலில் அது அப்பத்தா ஒருவர்தான். அவர் வாயை மூடிக்கொண்டதும் சட்டத்தின் கண்ணில் அந்த மனிதர் இறந்தவராகிவிட்டார். பன்னிரண்டாம் அத்தியாயத்தில் நிலம் மகன் பெயருக்கு மாறும் பக்கங்களை மறுபடியும் படித்துப் பாருங்கள், பயமாக இருக்கும்.

திருப்புல்லாணியிலிருந்து, மீண்டும்:

நன்றி. மாமாவுக்குச் சொத்து எதுவும் இல்லை. நான் சான்றிதழும் கேட்கவில்லை. அம்மாவிடம் எப்படிக் கேட்பது என்பது மட்டுமே என் கவலை.

மண்டபத்திலிருந்து:

நான் முகாமில் பிறந்து வளர்ந்தவன். கீழக்கரை நண்பர் கப்பல் ஓடியது என்கிறார். ஓடியது உண்மை, ஆனால் கப்பலில் ஏறுவதற்குக் கையில் காகிதம் வேண்டாமா? ஒன்பதாம் அத்தியாயத்தில் அந்த மனிதரை 'கள்ளத்தோணி' என்று ஒருவன் திட்டும் இடத்தைப் பலரும் வெறும் வசவாகப் படித்துக் கடந்துவிடுகிறார்கள். இங்கிருந்து அனுமதியில்லாமல் இலங்கைக்குப் போனவர்களை அங்கே அந்தச் சொல்லால்தான் அழைத்தார்கள். அந்தப் பெயர் விழுந்தவன் கப்பல் துறைக்குப் போய்ச் சீட்டுக் கேட்பதும் போலீஸ் நிலையத்துக்குத் தானாக நடந்து போவதும் ஒன்றுதான். அவர் வராததற்கு மனம் இல்லாதது காரணமா, காகிதம் இல்லாதது காரணமா என்பதை நாவலாசிரியர் வேண்டுமென்றே சொல்லாமல் விட்டிருக்கிறார் என்றே நினைக்கிறேன்.

இந்தப் புத்தகத்தை என் அம்மா இரண்டு நாளில் படித்து முடித்தார். 1984இல் வந்து இறங்கியவர் அவர். அப்பத்தா சொன்ன வரியைப் பற்றி நாங்கள் எல்லோரும் சத்தமாக விவாதித்துக்கொண்டிருந்தபோது, அடுப்படியிலிருந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அந்த ஆளோடு படகில் வந்து இறங்கினாளே ஒருத்தி, அவளுக்குப் பேர் என்ன?" நாங்கள் புரட்டிப் பார்த்தோம். முந்நூறு பக்கத்துக்கு மேல் உள்ள நாவலில் அவளுக்குப் பெயர் இல்லை. 'அந்தப் பொம்பளை' என்று வருகிறாள், 'தலைமன்னார்க்காரி' என்று வருகிறாள். முகாம் வாசலில் அப்பத்தா "தெரியாது" என்று சொன்னபோது அவள் எங்கே நின்றாள் என்பதுகூட எழுதப்படவில்லை. அம்மா பிறகு இதைப் பற்றிப் பேசவில்லை. நான்தான் அந்தப் பக்கத்துக்குத் திரும்பத் திரும்பப் போய், கம்பி வேலிக்கு உள்ளே அவள் நிழலாவது தெரிகிறதா என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

கீழக்கரையிலிருந்து, மீண்டும்:

காகிதத்தைப் பற்றி நீங்கள் சொன்னது எனக்குத் தோன்றவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடிதம் வந்ததே? கடிதத்துக்குச் சீட்டு வேண்டாமே? ஒன்று எழுதியவர் இரண்டாவது ஏன் எழுதவில்லை?

பாம்பனிலிருந்து:

இரண்டாவது கடிதம் வரவில்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்? கருப்பட்டிப் பானையைப் பேரன் உடைக்கும்போது 'கடிதங்கள்' என்றுதான் இருக்கிறது, பன்மையில். நான் மூன்று முறை படித்தேன்.

எனக்கு நேர்ந்தது இதுதான். என் அம்மா தீவுப் பக்கம் பாசி எடுக்கப் போகிறவர்; வீட்டில் புத்தகம் வாங்கும் வழக்கம் கிடையாது. நூலகத்தில் எடுத்துத்தான் படித்தேன். சேதுக்கரைக் காட்சி முடிகிற பக்கத்தின் ஓரத்தில், பென்சிலால், சிறிய சாய்வெழுத்தில் யாரோ எழுதியிருந்தார்கள்: 'இது எங்கள் வீட்டில் நடந்தது. ஆனால் இறைத்தது நான்.'

என் கை நின்றுவிட்டது. எங்கள் நூலகத்தில் நாவல் எடுத்துப் படிக்கிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஒட்டியிருந்த சீட்டில் எனக்கு முன்பு நான்கு தேதிகள் இருந்தன, பெயர்கள் இல்லை. நூலகரிடம் கேட்டால் பதிவேட்டைப் பார்த்துச் சொல்லிவிடுவார் என்று தெரியும். கேட்கும் துணிச்சலுக்கு இரண்டு நாட்கள் பிடித்தன. கேட்காமலிருக்கும் துணிச்சலுக்கு இன்னும் இரண்டு நாட்கள். அந்த வாரம் முழுவதும் மீன் ஏலம் போடும் இடத்திலும் பேருந்து நிறுத்தத்திலும் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஆண் ஒவ்வொருவரையும், இவராக இருக்குமோ, இவரா பத்து வயதில் கடலில் நின்று உயிரோடிருக்கிற அப்பாவுக்கு எள் இறைத்தவர் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பெரியவர், "என்னம்மா, ஏதாச்சும் வேணுமா?" என்றே கேட்டுவிட்டார்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன். மனம் கேளாமல் பத்து நாள் கழித்து மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். எழுத்து அழிக்கப்பட்டிருந்தது. அழுத்தி அழித்ததில் தாள் மெலிந்து, ஓரத்தில் சற்றே கிழிந்திருந்தது. சீட்டில் என் தேதிக்குக் கீழே புதிய தேதி எதுவும் இல்லை.