திக்கிப் பேசும் மகனைப் பள்ளியில் கேலி செய்கிறார்கள், என்ன செய்யலாம்?

எல்லோருக்கும் வணக்கம். ஏழாவது படிக்கும் என் மகன் இரண்டு வாரமாகக் காலையில் எழுந்ததும் வயிற்றுவலி என்கிறான், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வலிப்பதில்லை. டாக்டரிடம் காட்டினோம், ஒன்றுமில்லை என்றார். போன செவ்வாய் டிபன் பாக்ஸைக் கழுவ எடுத்தால் தயிர் சாதம் அப்படியே இருக்கிறது, மேலே பென்சில் சீவிய தூள். கேட்டதும் அழுதுவிட்டான். அவனுக்குக் கொஞ்சம் திக்கும், நான்கு பையன்கள் அதை அப்படியே நடித்துக் காட்டுவார்களாம், வேனில் பக்கத்தில் உட்காரவும் விடுவதில்லையாம்.

வகுப்பு டீச்சரிடம் சொன்னேன். "பசங்கன்னா விளையாடத்தான் சார் செய்வாங்க" என்றார். தினமும் ஒருவனையே குறிவைத்து, அவனால் எதிர்க்க முடியாது என்று தெரிந்தே செய்வது எப்படி விளையாட்டாகும்? மைத்துனர் திருப்பி அடிக்கச் சொல்கிறார், எனக்கு மனசு வரவில்லை. அடித்தால் கடைசியில் இவன் பெயர்தான் கெடும்.

இப்போது நடப்பதையெல்லாம் தேதி போட்டு எழுதி வைக்கிறேன், அடுத்து தலைமையாசிரியரிடம் கடிதமாகவே கொடுக்கலாம் என்றிருக்கிறேன். 1098 குழந்தைகள் உதவி எண் என்று தெரியும், ஆனால் அதில் பேசினால் பள்ளியில் இவனை ஒதுக்கிவிடுவார்களோ என்று பயம். யாராவது பேசியிருக்கிறீர்களா? அந்தப் பையன்களின் பெற்றோரிடம் நேராகப் போய்ப் பேசலாமா, இல்லை பள்ளி வழியாகவா? "நீங்க ஸ்கூலுக்கு வராதீங்கப்பா, இன்னும் அதிகமாப் பண்ணுவாங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டு சொல்கிறான், அவனுக்கு என்ன பதில் சொல்வது? இதைக் கடந்து வந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.