ஸ்லோ குக்கர் கோழிக் குழம்பு: எண்ணெயும் தேங்காய்ப்பாலும் குறைத்தால் ருசி எங்கிருந்து வரும்?

செங்காங்_மாலை கேட்டது:

3.5 லிட்டர் ஸ்லோ குக்கர். லோ, ஹை, வார்ம் என்று குமிழைத் திருப்பும் வகை, டைமர் கிடையாது. நான்கு பேருக்கு இரவுச் சாப்பாடு. வீட்டில் கொழுப்பைக் குறைக்க வேண்டிய கட்டாயம். நெஞ்சுக்கறி மட்டும், எண்ணெய் கிடையாது, தேங்காய்ப்பால் கிடையாது என்று வைத்தால் கறி நார் நாராகிறது, குழம்பு தண்ணீராக நிற்கிறது, மசாலா பச்சை வாடை போவதே இல்லை.

காலை 7.30க்குக் கிளம்பினால் திரும்ப மாலை 6.30. அதுவரை லோவில் விட்டுவிட்டுப் போகலாமா? எந்தப் பாகம் வாங்குவது? குழம்பைக் கெட்டியாக்க எதைப் போடலாம்? கிராம், மணிக் கணக்கோடு சொன்னால் நல்லது.

தேக்கா_மிளகு:

ஸ்லோ குக்கர் இரண்டு வேலை செய்யாது. வதக்காது, சுண்ட வைக்காது. மூடியில் முட்டும் ஆவி அப்படியே உள்ளே சொட்டுகிறது; கோழியும் தன் பங்குக்கு ஒரு கோப்பைக்குக் குறையாமல் தண்ணீர் விடும். அடுப்பில் வைக்கும் குழம்புக்கு ஊற்றுகிற அளவு தண்ணீரை இதில் ஊற்றினால் ரசம்தான் கிடைக்கும். பச்சை வாடைக்குக் காரணம், அது வதக்காததுதான். மிளகாய்த்தூள், மல்லித்தூள், இஞ்சி பூண்டு எல்லாம் சூடான எண்ணெயில் பட்டால்தான் வாடை போகும், தண்ணீரில் எத்தனை மணி நேரம் கிடந்தாலும் போகாது. எண்ணெயே வேண்டாம் என்று முடிவு செய்ததுதான் ருசியைக் கெடுக்கிறது. 2 தேக்கரண்டி எண்ணெய் என்பது 10 மி.லி.; கொழுப்பு சுமார் 9 கிராம், அதையும் நான்கு பேர் பங்கு போடுகிறீர்கள். அதற்குப் பயப்படாதீர்கள்.

குறைக்க வேண்டிய இடங்கள் வேறு. முதலாவது தோல். தோலோடு தொடைக்கறி 100 கிராமில் ஏறக்குறைய 16 கிராம் கொழுப்பு, தோல் உரித்தால் 4 முதல் 5 கிராம்தான். தோல் இல்லாத நெஞ்சுக்கறியில் சுமார் இரண்டரை. ஆக, நெஞ்சுக்கறிக்கு மாறி மிச்சப்படுத்துவது சொற்பம். அதற்கு விலையாக வறண்ட கறி. நெஞ்சுக்கறி 70 டிகிரி தாண்டினாலே சாற்றைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். ஸ்லோ குக்கர் லோவில் வைத்தாலும் கடைசியில் கொதிநிலைக்குப் பக்கத்தில் போய்த்தான் நிற்கும். ஹையில் அங்கே சீக்கிரம் போகும், வித்தியாசம் அவ்வளவுதான். தொடையிலும் காலிலும் இருக்கும் இணைப்புத் திசு அந்தச் சூட்டில் கரைந்து குழம்போடு சேரும், அதனால் கறி மெத்தென்று இருக்கும். தேக்கா சந்தையில் 'தோல் உரித்து, எலும்போடு, தொடையும் காலும்' என்று கேட்டு வாங்குங்கள், கடைக்காரரே உரித்துத் தருவார். மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருக்கும் கொழுப்பை வீட்டில் கத்தரிக்கோலால் வெட்டி எடுங்கள்.

இரண்டாவது தேங்காய்ப்பால். 200 மி.லி. கெட்டிப் பாலில் 35 முதல் 40 கிராம் கொழுப்பு இருக்கும், பெட்டியின் பின்புற அட்டவணையைப் பாருங்கள். அதை அடியோடு விடவும் வேண்டாம். 50 மி.லி. எடுத்து, கடைசி 15 நிமிடத்தில் ஊற்றுங்கள். மணம் முழுதாக வரும், கொழுப்பு கால்வாசி. ஆரம்பத்திலேயே ஊற்றினால் மணிக்கணக்கில் கொதித்துத் திரிந்து, மேலே எண்ணெயும் கீழே திட்டுத் திட்டாகவும் நிற்கும். தேங்காய்ப்பாலுக்குப் பதில் கொழுப்பு குறைந்த எவாப்பரேட்டட் பால் ஊற்றச் சொல்வார்கள். லக்சா நூடுல்ஸ் குழம்புக்குச் சரி, மிளகாயும் சோம்பும் போட்ட நம் குழம்பில் லேசாகத் தித்திக்கும், எனக்கு ஒத்துவராது.

அளவு இதோ:

தோலில்லாத தொடையும் காலும் எலும்போடு 900 கிராம். சின்ன வெங்காயம் 200 கிராம், தக்காளி 2, இஞ்சி பூண்டு விழுது ஒன்றரை மேசைக்கரண்டி. மிளகாய்த்தூள் ஒன்றரைத் தேக்கரண்டி, மல்லித்தூள் ஒன்றரை மேசைக்கரண்டி, மஞ்சள்தூள் அரைத் தேக்கரண்டி, சோம்பு ஒரு தேக்கரண்டி. மைசூர்ப் பருப்பு 50 கிராம், 20 நிமிடம் ஊறியது. உப்பு ஒரு தேக்கரண்டி. அது 5 கிராம், சுமார் 2,000 மி.கி. சோடியம், ஆளுக்கு 500 வருகிறது. ஒரு நாள் முழுவதற்குமே 2,000 மி.கி. என்பதுதான் சிங்கப்பூரின் சுகாதார மேம்பாட்டு வாரியம் சொல்லும் வரம்பு, அதற்கு மேல் போடாதீர்கள். பாக்கெட் கறி மசாலாவில் உப்பு கலந்திருந்தால் இதையும் குறைக்க வேண்டும்.

அகலமான வாணலியில் அந்த 2 தேக்கரண்டி எண்ணெய் காய்ந்ததும் சோம்பு, வெங்காயம். மிதமான தீயில் 7, 8 நிமிடம், ஓரம் சிவக்கும் வரை. அடி பிடித்தால் எண்ணெய் ஊற்றாமல் ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்துச் சுரண்டுங்கள், அந்தச் சுரண்டலில்தான் ருசி இருக்கிறது. இஞ்சி பூண்டு 2 நிமிடம். தீயைக் குறைத்துத் தூள்கள் அரை நிமிடம், உடனே தக்காளி. தக்காளி கரைந்து விழுதாகச் சுண்ட வேண்டும். 150 மி.லி. வெந்நீர், உப்பு சேர்த்து ஒரு கொதி. குக்கரின் அடியில் பருப்பு, மேலே கோழி, அதன் மேல் சூடான மசாலா. லோவில் 6 மணி நேரம், அல்லது ஹையில் 3 முதல் மூன்றரை. பானையில் பாதிக்கு மேல், முக்கால் பாகத்துக்குள் நிறைந்திருக்கட்டும். நடுவில் மூடியைத் திறந்து கிண்டாதீர்கள், ஒவ்வொரு தடவையும் 20 நிமிடச் சூடு போய்விடும்.

கடைசியில் பருப்பைக் கரண்டியின் பின்புறத்தால் பானை ஓரத்தில் மசித்துவிட்டால் குழம்பு தானாகக் கெட்டிப்படும். துவரம்பருப்பு போடாதீர்கள். தக்காளிப் புளிப்பில் அது வேகாமல் கல்லாகவே கிடக்கும்.

பூன்லே_சமையலறை:

மேலே சொன்னது சரி, கூட கொஞ்சம்.

பட்டை, கிராம்பு போடுறதா இருந்தா அடுப்புக் குழம்புக்குப் போடறதுல பாதி போதும். ஆறு மணி நேரம் ஊறினா கிராம்பு கசக்கும். கறிவேப்பிலை, மல்லித்தழை, மிளகுத்தூள் மூணும் நேர்மாறு, முன்னாடி போட்டா மணமே இருக்காது. எல்லாத்தையும் அணைக்கும்போது போடுங்க.

ஊர்ச் சமையல் குறிப்புல கெட்டிக்குக் கசகசா அரைச்சு விடச் சொல்லியிருக்கும். சிங்கப்பூர்ல அது தடைசெய்யப்பட்ட பொருள், ஊருக்குப் போய்வரும்போது பெட்டியில வச்சுக்கிட்டும் வந்துடாதீங்க. ஒன்றரை மேசைக்கரண்டி பொட்டுக்கடலையைப் பொடி பண்ணி, கடைசி 20 நிமிஷத்துல கரைச்சு ஊத்தினா அதே பதம் வரும். பருப்பு போட்டிருந்தா இது வேண்டாம், கூழாயிடும்.

காய்: கேரட், முள்ளங்கி, உருளைக்கிழங்கு கோழியைவிட மெதுவா வேகும். ரெண்டு செ.மீ. துண்டா நறுக்கி, அடியிலயும் ஓரத்துலயும் போடுங்க, சூடு அங்கதான் அதிகம். முருங்கைக்காய், கத்தரிக்காய் கடைசி ஒரு மணி நேரத்துல. கங்கோங் மாதிரி கீரை பத்தே நிமிஷம். சுரைக்காய் போட்டா வெந்நீரை 50 மி.லி.யாக் குறைச்சிடுங்க.

புக்கிட்_பாத்தோக்_வாசி:

நேரப் பிரச்சினைக்கு ஸ்மார்ட் பிளக் வாங்குங்கள். காலை கோழியைப் போட்டு வைத்துவிட்டுப் போய், மதியம் 12.30க்கு ஆன் ஆகும்படி வைத்தால் 6.30க்கு வெந்திருக்கும்.

தேக்கா_மிளகு:

தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பச்சைக் கோழி 30 டிகிரி சமையலறையில் ஐந்து மணி நேரம் கிடக்கும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில்தான் கிருமி வேகமாகப் பெருகும் என்று சிங்கப்பூர் உணவு அமைப்பும் எச்சரிக்கிறது. சில கிருமிகள் விடும் நச்சு பிறகு கொதிக்க வைத்தாலும் போகாது. உறைந்த கோழியைப் போட்டால் அதற்குள் உருகிவிடுமே என்றும் சிலர் கணக்குப் போடுவார்கள், அது இன்னும் மோசம்: வெளிப்புறம் இளஞ்சூட்டில் கிடக்கும்போது எலும்பருகே பனிக்கட்டி. உறைந்த துண்டுகளை முதல் நாள் இரவே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து உருக்குங்கள்.

11 மணி நேரம் லோவில் ஓடவிட்டால் ஆபத்து இல்லை. ஆனால் கறி எலும்பை விட்டுக் கழன்று இழையாகிவிடும், ஓரம் அடிபிடிக்கும். கம்போங் கோழி (நாட்டுக்கோழி) மட்டும் 8 மணி நேரம் வரை தாங்கும். புது குக்கர் வாங்குவதாக இருந்தால், நேரம் முடிந்ததும் தானே வார்முக்கு மாறும் வகையைப் பாருங்கள்.

இருக்கும் குக்கருக்கு ராத்திரிச் சமையல்தான் வழி. 11.30க்கு லோவில் வைத்தால் காலை 5.30க்கு வெந்திருக்கும்.

செங்காங்_மாலை:

ராத்திரி யோசனை எனக்கு ஒத்துவரும். காலை அப்படியே பானையோடு குளிர்பெட்டியில் வைக்கலாமா? இன்னொன்று, மைசூர்ப் பருப்புக்குப் பதில் ராஜ்மா போட்டால் நார்ச்சத்து கூடுமே?

பூன்லே_சமையலறை:

பானையோட வைக்காதீங்க. பீங்கான் சூட்டைப் பிடிச்சு வச்சுக்கும், நடுவுல ஆற மணிக்கணக்காகும், திடீர்க் குளிர்ல விரிசலும் விடலாம். ரெண்டு மூணு தட்டையான டப்பாவுல அஞ்சு செ.மீ. உயரத்துக்கு மேல போகாம ஊத்துங்க. சிங்க்ல தண்ணி நிரப்பி அரை மணி டப்பாவை வச்சு எடுத்தா 7 மணிக்குள்ள குளிர்பெட்டிக்குப் போயிடும். இதுல இன்னொரு லாபம் இருக்கு: சாயங்காலம் மேல மஞ்சளா ஒரு ஆடை உறைஞ்சு நிக்கும். கரண்டியால வழிச்சு எறிஞ்சிடுங்க, தோல் உரிச்ச பிறகும் ஒளிஞ்சிருந்த கொழுப்பு அதுதான். ஆற வைக்காம சுடச்சுடச் சாப்பிடுற குழம்புல இதை இப்படி வழிச்சு எடுக்க முடியாது.

திரும்பச் சூடு பண்ண ஸ்லோ குக்கர் ஆகாது, ரொம்ப நேரம் இளஞ்சூட்டுலயே நிக்கும். அடுப்புல வச்சு நல்லா தளதளன்னு கொதிக்க விட்டு, அப்புறம் அந்த 50 மி.லி. தேங்காய்ப்பால். இன்னும் நீர்க்க இருந்தா, பால் ஊத்துறதுக்கு முன்னாடி கோழியை எடுத்து வச்சிட்டு, குழம்பை மட்டும் அகல வாணலியில அஞ்சு நிமிஷம் சுண்ட விடுங்க. சோளமாவு கரைக்கறதைவிட ருசி நல்லாயிருக்கும்.

ராஜ்மாவை நேரா போடவே கூடாது. அதுல இருக்கிற ஒரு நச்சுப் புரதம் கொதிக்கிற தண்ணியிலதான் அழியும், லோ சூட்டுல பாதி வெந்தா வாந்தி பேதிதான். 5 மணி நேரத்துக்குக் குறையாம ஊற வச்சு, அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு, புதுத் தண்ணியில 10 நிமிஷம் தளதளன்னு கொதிக்க வைக்கணும். பிரஷர் குக்கர்ல முழுசா வேகவச்சுட்டு, சாயங்காலம் சூடு பண்ணும்போது சேர்க்கறது இன்னும் சுலபம். டின்னுல வர்றது ஏற்கனவே வெந்தது, கழுவிட்டுப் போட்டா உப்பும் கொஞ்சம் குறையும்.

தட்டுல பாதி காய், கால் பங்குக்குச் சிவப்பரிசியோ சப்பாத்தியோ, மீதி கால்ல கோழி. உருளைக்கிழங்கு போட்டா அதைச் சோத்துக் கணக்குல சேர்த்துக்குங்க.