பொது நிரலகத்தைக் கட்டித் தருவதா, மூலநிரலாகவே தருவதா?

பாயான்_பலகை:
பினாங்கின் பாயான் லெப்பாஸில் எங்கள் குழு மூன்று சாதனங்களுக்கு, வன்பொருளை இயக்கும் ஒரே டிரைவர் நிரலைப் பயன்படுத்துகிறது. இனி அதை முன்கூட்டியே கம்பைல் செய்து (இயந்திர மொழிக்கு மாற்றி), அதில் வரும் ஆப்ஜெக்ட் கோப்புகளை அடுக்கிய ஒற்றை ஆர்க்கைவ் கோப்பாக, அதாவது நிரலகமாகத் தந்துவிடலாம் என்கிறார் மூத்த பொறியாளர். நான் உடன்படவில்லை. சென்ற ஆண்டு அப்படிக் கட்டிய நிரலகத்தோடு ஒரு பலகை நன்றாகத் தொடங்கும். ஆனால் சீரியல் வழியாக முதல் பைட் வந்த கணமே உறைந்துவிடும். இரண்டு நாள் வயரையும் ஸால்டரையும் சந்தேகித்த பிறகு, எந்தச் செயற்கூறு எந்த முகவரியில் இருக்கிறது என்று காட்டும் மேப் கோப்பைத் திறந்தேன். பைட் வந்ததும் ஓட வேண்டிய சீரியல் இன்டரப்ட் ஹேண்ட்லரும், சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும் டிஃபால்ட் ஹேண்ட்லரும் ஒரே முகவரியில் இருந்தன. தொடக்கக் கோப்பு ஒவ்வொரு ஹேண்ட்லருக்கும் ஒரு வலுவற்ற வரையறையை (வலுவானது வந்தால் விலகிக்கொள்வதை) வைத்திருக்கிறது; பெயருக்கு வரையறை ஏற்கெனவே இருப்பதால், ஆர்க்கைவுக்குள் இருந்த உண்மையான ஹேண்ட்லரை, கோப்புகளை ஒரே நிரலாக இணைக்கும் லிங்கர் தேடவே இல்லை. பிழைச்செய்தியும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. மூலநிரலாக இருந்திருந்தால், அந்த ஆப்ஜெக்ட் கோப்பு நேரடியாக லிங்கருக்குப் போய் வலுவான வரையறை வென்றிருக்கும்.

பட்டர்வொர்த்_அண்ணன்:
தம்பி, குற்றம் ஆர்க்கைவின் மேல் இல்லை. லிங்கர் தீர்க்கப்படாத பெயர்களுக்காக மட்டுமே ஆர்க்கைவிலிருந்து ஆப்ஜெக்ட்டுகளை எடுக்கும் என்பது பழைய விதி. நிரலகத்தின் சிக்கனமே அந்த விதியில்தான் இருக்கிறது. உங்கள் ஹேண்ட்லர், சீரியலைத் தொடங்கும் செயற்கூறு இருக்கும் அதே கோப்பில் இருந்திருந்தால், அதோடு சேர்ந்து உள்ளே வந்திருக்கும். யாரோ அதைத் தனிக் கோப்பாகப் பிரித்திருக்க வேண்டும்.

பாயான்_பலகை:
ஆமாம், அண்ணே. ஒழுங்குபடுத்துகிறோம் என்று பிரித்ததுதான். அதுவரை நன்றாகவே ஓடியது. கோப்பைப் பிரித்ததால் சாதனம் சாகும் என்றால், அந்த ஏற்பாட்டை நம்பி எப்படி ஏற்றுமதி செய்வது?

பட்டர்வொர்த்_அண்ணன்:
லிங்கருக்கு ஹோல்-ஆர்க்கைவ் விருப்பத்தைக் கொடுத்து முழுவதையும் இழுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு செயற்கூற்றையும் தனிப் பகுதியில் கம்பைல் செய்திருந்தால், பயன்படாததை லிங்கரின் இன்னொரு விருப்பமான ஜிசி-செக்‌ஷன்ஸ் கழித்துவிடும். நிரல் இருக்கும் ஃப்ளாஷ் நினைவகம் வீணாகாது. மூலநிரலைப் பகிர்ந்தால் நடப்பதையும் சொல்கிறேன்: ஒவ்வொரு குழுவும் தன் பிரதியில் கைவைக்கும். நான் ஒரே டைமர் பிழையை மூன்று இடத்தில் மூன்று தடவை திருத்தியவன்.

ஆயர்_ஈத்தாம்:
ஒரு சாதனத்தில் கார்டெக்ஸ்-எம்0+ செயலி, இன்னொன்றில் மிதவைப்புள்ளி (தசம எண் கணக்கு) அலகுள்ள எம்4 என்றால், எம்4-க்காகக் கட்டிய ஆர்க்கைவ் எம்0+-க்குப் பொருந்தாது. ஹார்ட் ஃப்ளோட், சாஃப்ட் ஃப்ளோட் (அந்த அலகைப் பயன்படுத்துவது, பயன்படுத்தாதது) கலப்பையாவது லிங்கர் பிடித்துப் பிழை காட்டும். அது பிடிக்காத ஒன்று இருக்கிறது. தலைப்புக் கோப்பில் பஃபர் அளவு ஒரு மேக்ரோவாக (கம்பைல் செய்யும்போது மதிப்பு இடப்படும் பெயராக) இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிரலகம் கட்டப்பட்டபோது 256. பயன்பாட்டுக் குழு ரேம் மிச்சப்படுத்த 64 ஆக்குகிறது. அந்த பஃபர் உள்ள ஸ்ட்ரக்சரின் அளவு இருபுறமும் வேறு, ஆனால் லிங்கருக்குத் தெரிவது பெயர்கள் மட்டுமே. பயன்பாடு 64 பைட்டுக்கு இடம் ஒதுக்கும், நிரலகம் 256 வரை எழுதும். பக்கத்து மாறிகள் சத்தமில்லாமல் சிதையும்.

பட்டர்வொர்த்_அண்ணன்:
இதற்கு என்னிடம் முழு மறுப்பு இல்லை, ஒரு தடுப்பு இருக்கிறது. தொடக்கச் செயற்கூற்றின் பெயரோடு அந்த அளவையும் மேக்ரோவால் ஒட்டிவிட வேண்டும். நிரலகத்தில் தொடக்கம்_256 இருக்கும், பயன்பாடு தொடக்கம்_64-ஐக் கேட்கும். லிங்க் செய்யும்போதே உடைந்துவிடும். களத்தில் உடைவதைவிட அது மேல்.

பாயான்_பலகை:
நல்ல உத்தி, எடுத்துக்கொள்கிறேன். ஆனாலும் பத்து மேக்ரோ இருந்தால் பெயர் எவ்வளவு நீளும், அண்ணே? பிரதி எடுக்காமல், கிட் சப்மாட்யூலாக (பொதுக் களஞ்சியத்தின் குறிப்பிட்ட பதிப்பைச் சுட்டும் இணைப்பாக) ஒரே மூலநிரலை மூன்று சாதனமும் சுட்டினால், டைமர் பிழையை ஒரே இடத்தில் திருத்தலாம், மேக்ரோவும் அந்தந்தச் சாதனத்தோடு கம்பைல் ஆகும்.

பட்டர்வொர்த்_அண்ணன்:
சப்மாட்யூலை எந்தக் கமிட்டில் (பதிப்பில்) நிறுத்துவது என்று மூன்று குழுவும் ஒத்துப்போனால் சரி. வாடிக்கையாளருக்கு மூலநிரலைத் தரக்கூடாத ஒப்பந்தம் என்றால் மட்டும் என்னிடம் வாருங்கள். அப்போது ஆர்க்கைவ்தான், அதோடு மேப் கோப்பையும் சேர்த்து அனுப்புங்கள்.