‘நம்ம வீடு’ குழு: கால்வாயும் ட்ரோக்கியும்

கயல்: கால்வாய் ஓரம் நடந்துவிட்டு இப்போதுதான் அறைக்கு வந்தேன். இங்கே ஸ்காட்லாந்தில், கிளாஸ்கோவின் மேரிஹில் பக்கம், படகுகளை ஏற்றி இறக்கும் ஐந்து மதகுகள் படி மாதிரி இறங்குகின்றன. தண்ணீர் டிகாக்‌ஷன் நிறம், அசைவே இல்லை. போன வாரம் சொன்னேனே ‘யங் ஆடம்’ நாவல், அது இந்த மாதிரித் தண்ணீரில் நடக்கிற கதைதான்.

பிரபு: 2003-ல் வந்த படம் பார்த்திருக்கிறேன். இவான் மெக்ரெகர் நடித்தது. எழுதியவர் யார்?

கயல்: அலெக்சாண்டர் ட்ரோக்கி, அண்ணா. 1925-ல் இதே கிளாஸ்கோவில் பிறந்தவர். போர்க்காலத்தில் கடற்படை, அப்புறம் இங்கே பல்கலைக்கழகம், அப்புறம் பாரிஸ். அங்கே ‘மெர்லின்’ என்று ஒரு பத்திரிகை நடத்தினார். அயர்லாந்து எழுத்தாளர் சாமுவேல் பெக்கெட்டின் ‘வாட்’ நாவலை 1953-ல் முதலில் புத்தகமாகக் கொண்டுவந்தது அந்த நண்பர் கூட்டம்தான்.

சித்தப்பா: கயல், நானும் தேடிப் படித்தேன். காசுக்காக ஆபாசக் கதை எழுதியிருக்கிறார். ஹெராயின் பழக்கம். மனைவியும் அதிலேயே சிக்கியிருக்கிறார். இந்த மனிதரை எதற்குப் படிக்க வேண்டும்?

கயல்: எல்லாம் உண்மை, சித்தப்பா. எதற்கும் நான் சமாதானம் சொல்ல மாட்டேன். மனைவி லின் 1972-ல் இறந்தார், சில வருஷத்தில் மூத்த மகனும். படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. ஆனால் அந்த நாவலின் முதல் காட்சியை மட்டும் கேளுங்கள். சரக்குப் படகில் வேலை செய்கிற ஜோ, தண்ணீரில் மிதக்கிற ஒரு பெண்ணின் உடலை இழுத்துக் கரை சேர்க்கிறான். ஏதோ விறகை எடுத்த மாதிரி நிதானமாகச் சொல்கிறான். அவள் அவனுடைய பழைய காதலி என்பது கொஞ்ச தூரம் போன பிறகுதான் நமக்குத் தெரிகிறது.

அத்தை: ஐயோ. அவன்தான் கொன்றானா?

கயல்: இல்லை அத்தை, தவறி விழுந்தவள். ஆனால் கொலை என்று வேறு ஒருவனைப் பிடித்துவிடுகிறார்கள். ஜோ நீதிமன்றத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்க்கிறான். வாயைத் திறந்தால் தானே மாட்டிக்கொள்வோம் என்று தெரியும். அந்த ஆளுக்குத் தூக்கு.

அத்தை: பேசாமலேயே இருந்துவிட்டானா?

கயல்: இருந்துவிட்டான். அவன் நல்லவனா கெட்டவனா என்று நாவல் ஒரு வரி சொல்லவில்லை. நாமும் அவன் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோம், அவ்வளவுதான். என்னை உலுக்கியது அதுதான்.

பிரபு: வேறு என்ன எழுதினார்?

கயல்: ‘கெயின்ஸ் புக்’, 1960-ல் நியூயார்க்கில் வந்தது. அங்கே சரக்குத் தோணியில் வேலை செய்துகொண்டே போதை ஏற்றிக்கொள்கிற ஒருவனின் குறிப்புகள். கிட்டத்தட்ட அவர் வாழ்க்கையேதான். இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரில் அதன் பிரதிகளைப் பறிமுதல் செய்து வழக்குப் போட்டார்கள். பாலியல் மட்டுமல்ல, போதைப் பழக்கத்தை எழுதுவதும் ஆபாசச் சட்டத்துக்குள் வரலாம் என்று தீர்ப்பானது. 1960-ல் வந்த அந்த நாவலுக்கு அப்புறம் 1984-ல் இறக்கும் வரை வேறு நாவலே வரவில்லை. 24 வருஷம்! அதை நினைத்தால்தான் எனக்கு ஆறவே இல்லை. கடைசியில் லண்டனில் பழைய புத்தகம் விற்றார்.

சித்தப்பா: சொந்த ஊர்க்காரர்கள் என்ன சொன்னார்கள்?

கயல்: 1962-ல் எடின்பரோவில் எழுத்தாளர் மாநாடு. ஸ்காட்லாந்து இலக்கியம் ஆறிப்போன கஞ்சி என்கிற ரீதியில் மேடையிலேயே பேசினார். பெரிய கவிஞர் ஹியூ மெக்டயர்மிட், அப்போது வயது 70, ஊர் ஊராகத் திரியும் கசடு என்று திருப்பித் திட்டினார். ஆனால் கிளாஸ்கோ தண்ணீரை இவரைவிட நன்றாக எழுதியவரை நான் படித்ததில்லை.

சித்தப்பா: மனைவி விஷயத்தில் என் மனசு மாறாது. ஆனால் அந்த ஜோவை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். ஊருக்கு வரும்போது எடுத்து வா. நீதிமன்றக் காட்சி எங்கே என்று ஒரு தாள் வைத்துக் கொடு.

அத்தை: எனக்கு அப்புறம் கொடுங்கள் அண்ணா. ராத்திரியில் படிக்க மாட்டேன்.