அண்ணனை மன்னித்தால் விடுதலைப் பத்திரத்திலும் கையெழுத்துப் போட வேண்டுமா?

உப்பளத்துக்காரி:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். அம்மா முன்பே போய்விட்டார், அப்பா உயில் எழுதாமல் இறந்தார். பிள்ளைகள் என்று அண்ணனும் நானும்தான். அண்ணன் என் பெயரை விட்டுவிட்டு வாரிசுச் சான்றிதழ் வாங்கி, வீட்டுக்கும் பக்கத்திலுள்ள கடைகளுக்கும் பட்டாவைத் தன் பெயருக்கு மாற்றி வாடகையும் வாங்கிக்கொண்டிருக்கிறார். எனக்கு இது தெரிந்ததே ஒரு கடைக்காரர் சொல்லித்தான். கேட்டால், "உனக்குத்தான் கல்யாணத்துக்கு நகை போட்டாச்சே" என்கிறார். இப்போது வங்கிக் கடனுக்கு என் கையெழுத்து வேண்டியிருக்கிறது போல, என் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதிய விடுதலைப் பத்திரத்தோடு வந்து நிற்கிறார். கூடவே எங்கள் சபைப் போதகர் ஐயரும். "மன்னிக்காமல் எப்படித் திருவிருந்து (அப்பமும் திராட்சரசமும்) எடுப்பாய்? போட்டுக் கொடுத்துவிடு, கர்த்தர் இரட்டிப்பாய்த் தருவார்" என்கிறார். அண்ணன்மேல் கோபம் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன், ஆனால் அவர் குடும்பம் கெட்டுப்போக வேண்டும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. மன்னிப்பது என்றால் பங்கை விட்டுக்கொடுப்பதுதானா?

வலைக்காரன்:
சகோதரி, சொல்வது கசப்பாக இருக்கலாம். பைபிளில் பவுல் எழுதிய 1 கொரிந்தியர் 6ஐ வாசியுங்கள். விசுவாசிகள் ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போடுவதே குறைவு, அதைவிட நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ளலாமே என்றுதான் பவுல் கேட்கிறார். மண் போனால் போகட்டும். ஐயர் சொல்வதில் தப்பு இல்லை.

மூக்குக்கண்ணாடி:
அதே அதிகாரத்தைக் கொஞ்சம் முன்னும் பின்னும் வாசிக்கலாமே பிரதர். சகோதரருக்குள்ள வழக்கைத் தீர்க்க உங்களுக்குள் ஒரு விவேகி கூடவா இல்லை என்று சபையைப் பார்த்துத்தான் முதலில் கேட்கிறார். அப்படியென்றால் ஐயர் இரண்டு பேரையும் உட்கார வைத்து வாடகைக் கணக்கைக் கேட்டிருக்க வேண்டும், ஒருவருடைய பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு இன்னொருவர் வீட்டுக்குப் போவதற்குப் பெயர் விவேகமா? "பொறுத்துக்கொள்" என்று சொன்ன கையோடு, சகோதரருக்கே அநியாயம் செய்கிறீர்களே என்றும் பவுல் கடிந்துகொள்கிறார். அந்தப் பாதி அண்ணனுக்கு. அதை யாரும் அவரிடம் போய் வாசித்துக் காட்டியதாகத் தெரியவில்லை.

மத்தேயு 18இல் பதினாயிரம் தாலந்து கடன்பட்டவன் கதை எல்லாருக்கும் தெரியும். அது தொடங்குவதே ராஜா கணக்குப் பார்க்க உட்கார்வதிலிருந்துதான். கடன் எவ்வளவு என்று இரண்டு பேருக்கும் தெரிந்து, கடன்பட்டவன் காலில் விழுந்து, அதன் பிறகுதான் தள்ளுபடி. இங்கே கணக்கே திறக்கவில்லை, கடன் இருக்கிறது என்றே அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை, அப்புறம் எதை மன்னிப்பது?

ஆஸ்திரேலிய மிஷனரி கிரஹாம் ஸ்டெயின்சை நினைத்துப் பாருங்கள். 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் அவரையும் 10 வயது, 6 வயது மகன்கள் இருவரையும் வண்டியோடு எரித்தார்கள். மனைவி கிளாடிஸ் கொன்றவர்களை மன்னித்துவிட்டதாகச் சொன்னார், பாரிபதாவில் தொழுநோயாளிகளுக்கான வேலையையும் விடவில்லை. வழக்கு அதுபாட்டுக்கு நடந்து, முக்கியக் குற்றவாளி தாரா சிங்குக்குக் கிடைத்த ஆயுள் தண்டனையை 2011இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. மன்னிப்பு வேறு, சட்டம் வேறு.

வலைக்காரன்:
அந்த வழக்கை நடத்தியது அரசாங்கம், அந்த அம்மா இல்லை. இங்கே சகோதரி தானே போய் வழக்குப் போட வேண்டும். இரண்டும் ஒன்றா?

மூக்குக்கண்ணாடி:
சரி, அந்த வித்தியாசம் இருக்கிறது. ஆனால் அவர் வழக்குப் போடப்போவதாக இங்கே எங்கே சொன்னார்? கையெழுத்துப் போடலாமா என்றுதான் கேட்கிறார்.

ஜெபமாலை:
நான் கத்தோலிக்கன், உங்கள் சபை முறை எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும். மத்தியப் பிரதேசத்தில் ஏழை விவசாயிகளுக்காக உழைத்த அருட்சகோதரி ராணி மரியாவை 1995இல் பேருந்தில் வைத்துக் குத்திக் கொன்றார்கள். கொன்ற சமந்தர் சிங்குக்கு ராணி மரியாவின் சொந்தத் தங்கை செல்மி பால் சிறையிலேயே ராக்கி கட்டினார், அவரும் கன்னியாஸ்திரிதான். அது நடந்தது 2002இல். ஏழு வருஷம் ஆகியிருக்கிறது! அந்த ஆளும் மனம் வருந்தினார், 2006இல் வெளியே வந்தார். கன்னியாஸ்திரிக்கே அவ்வளவு காலம் என்றால், இந்தத் தங்கச்சியிடம் மட்டும் பத்திரம் கொண்டுவந்த அன்றைக்கே மனசு ஆற வேண்டும் என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

கோர்ட்டு_வாசல்:
வசனம் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், நான் சட்டத்தை மட்டும் சொல்கிறேன். கிறிஸ்தவர்களுக்கு 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம். உயில் இல்லாவிட்டால் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. அப்பா உயிரோடு இருந்தபோது பிள்ளைக்குக் கொடுத்ததைப் பங்கில் கழிக்கக்கூடாது என்று 49ஆம் பிரிவு சொல்கிறது, ஆக அந்த நகைப் பேச்சு நிற்காது. பட்டா பெயர் மாறியதாலோ வாரிசுச் சான்றிதழில் பெயர் விட்டுப்போனதாலோ மட்டும் பங்கு போய்விடாது. ஆனால் விடுதலைப் பத்திரம் பதிவானால் போனது போனதுதான், திரும்பப் பெற நீங்கள்தான் கோர்ட்டுக்கு அலைய வேண்டும். வழக்கு வேண்டாம் என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள், அண்ணனைக் கூப்பிட்டுச் சமரசம் பேசுவார்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு.

உப்பளத்துக்காரி:
எல்லாருக்கும் நன்றி. வலைக்காரன் அண்ணன் சொன்னதும் மனசில் இருக்கிறது. ஒரு கடையை அவருக்கே விட்டுவிடலாம் என்றுகூட யோசிக்கிறேன், ஆனால் முதலில் வாடகைக் கணக்கை ஐயர் முன்னால் வைக்கச் சொல்லப்போகிறேன். திருவிருந்துக்கு மட்டும் இன்னும் பயமாக இருக்கிறது.

மூக்குக்கண்ணாடி:
மத்தேயு 5இல் காணிக்கையை வைத்துவிட்டுப் போய் முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்று சொல்லியிருப்பது, யார்மேல் சகோதரனுக்குக் குறை இருக்கிறதோ அவனுக்குத்தான். உங்கள் வீட்டில் குறைப்பட்டிருப்பது நீங்கள். அண்ணன் பந்திக்குப் போகிறாரா என்று ஐயரிடம் கேளுங்கள். கோபத்தை ஜெபத்தில் சொல்லிவிட்டு நீங்கள் தாராளமாகப் போங்கள்.

வலைக்காரன்:
போகலாம் தங்கச்சி, அதில் எனக்கும் மறுப்பு இல்லை. கணக்குப் பேசும்போது சத்தம் போடாமல் பேசுங்கள், அவ்வளவுதான்.

உப்பளத்துக்காரி:
சரி அண்ணன். அந்த ஆணைக்குழு அலுவலகம் எங்கே இருக்கும்?

கோர்ட்டு_வாசல்:
மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் விசாரியுங்கள். அப்பாவின் இறப்புச் சான்றிதழ், உங்கள் ஞானஸ்நானச் சான்றிதழ் அல்லது பள்ளிச் சான்றிதழ், சொத்தின் மூலப்பத்திர நகல் இருந்தால் அதுவும் எடுத்துப் போங்கள். மூலப்பத்திரம் அண்ணனிடம் இருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் மனு போடலாம்.