மேல் வீட்டில் மூன்று நாளைக்கு ஒரு குடும்பம்: உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்

எங்கள் வீடு இரண்டாம் மாடி. தலைக்கு மேலே இருக்கிற வீட்டை அதன் உரிமையாளர் இரண்டு வருடமாக ஆன்லைனில் நாள் வாடகைக்கு விடுகிறார். அவர் இருப்பது வேறு ஊரில், முகத்தைப் பார்த்தே ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது.

சத்தம் என்றால் எல்லோரும் பாட்டுச் சத்தத்தைத்தான் நினைக்கிறார்கள். எங்கள் தூக்கத்தைக் கெடுப்பது சூட்கேஸ் சக்கரம். இரவு ஒன்றரை மணிக்குப் படிக்கட்டில் ஒவ்வொரு படியாக டக், டக் என்று ஏறும், படுத்துக்கொண்டே எண்ணலாம், 18 படி, ஒரு திருப்பம், மறுபடி 18 படி. அது முடிந்தால் சாவிப் பெட்டி. கிரில் கம்பியில் பூட்டு மாதிரி தொங்கும் சின்ன டப்பா, நான்கு எண்ணைச் சரியாகத் திருப்பினால் உள்ளே சாவி இருக்கும். எண் திறக்கவில்லை என்றால் இறங்கி வந்து எங்கள் காலிங் பெல்லைத்தான் அழுத்துவார்கள்.

ஒரு நாள் அம்மா கதவைத் திறந்தார். வெளியே ஒரு பெண், தோளில் கைக்குழந்தை, கணவர், நான்கு பெட்டிகள். குழந்தைக்குக் காய்ச்சல் கொதிக்கிறது. அவர்களுக்கு வந்த எண் தவறு, உரிமையாளர் போனை எடுக்கவில்லை. அம்மா உள்ளே உட்கார வைத்து, வெந்நீர் வைத்துக் கொடுத்து, குழந்தைக்கு ஈரத்துணி போட்டுவிட்டார். நாற்பது நிமிடம் கழித்துத்தான் சரியான எண் வந்தது. அந்தக் குடும்பத்தின் மேல் எனக்கு ஒரு துளி கோபம் இல்லை, பாவம், நம்பி வந்தவர்கள். ஆனால் காசு வாங்கியவர் செய்ய வேண்டிய வேலையை எழுபது வயதில் என் அம்மா நடுராத்திரியில் செய்தார். அது இன்னும் மனசு ஆறவில்லை.

சரி, புகார் கொடுத்தோமா என்று கேட்பீர்கள். நகர நிர்வாகத்திடம் மூன்று முறை கொடுத்தோம். இரவில் போன் செய்தால் பதிவு செய்துகொள்கிறார்கள். ஆள் வருவது நான்கு நாள் கழித்து, காலை பதினோரு மணிக்கு. அதற்குள் ஆடிப் பாடியவர்கள் ஊர் போய்ச் சேர்ந்திருப்பார்கள். பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு ‘விதிமீறல் காணப்படவில்லை’ என்று எழுதிப் புகாரை மூடிவிடுகிறார். மூன்று முறையும் அதே வரி. உங்களில் யாருக்காவது இது நடந்து, ஏதாவது பலித்திருந்தால் சொல்லுங்கள்.

*

அக்கா, படிக்கும்போதே எங்கள் குடியிருப்பு கண்முன் வருகிறது. நான் இங்கே சங்கச் செயலாளர். பொதுக்குழுவில் ஓட்டுப் போட்டு நாள் வாடகை கூடாது என்று தீர்மானம் நிறைவேற்றினோம். ஒரு மாதம் அமைதி. அப்புறம் வருகிறவர்கள் எல்லோரும் ‘சொந்தக்காரர்கள்’ ஆகிவிட்டார்கள். காவலாளி கேட்டால், “ஓனர் எங்க மாமாதான்” என்று ஒரு பையன் சொன்னான். மாமா பேர் என்ன தம்பி என்று நான் கேட்டேன். அவன் போனைத் திறந்து முன்பதிவுச் செய்தியில் பேரைத் தேட ஆரம்பித்துவிட்டான். கூட வந்த பெண் தலையைக் குனிந்துகொண்டாள். பொய் சொல்லச் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள், அந்தப் பிள்ளைகளைக் குற்றம் சொல்லி என்ன செய்ய? வெளியே நிற்க வைக்க எனக்கு மனசு வரவில்லை, இரவு பதினொன்றரை, எங்கே போவார்கள். உள்ளே விட்டேன். மறுநாள் உரிமையாளருக்கு நோட்டீஸ். இதுவரை ஐந்து நோட்டீஸ் போயிருக்கிறது, ஒன்றுக்கும் பதில் இல்லை.

*

நான் பல வருடம் ஒரு நகர நிர்வாகத்தில் இந்த மாதிரிப் புகார்களைப் பார்க்கும் பிரிவில் இருந்தேன். உங்கள் புகார் ஏன் மூடப்படுகிறது என்று உள்ளே இருந்தவனாகச் சொல்கிறேன். சத்தம் ஒரு குற்றம், அனுமதியில்லாமல் நாள் வாடகைக்கு விடுவது வேறு குற்றம். நீங்கள் சத்தம் என்று சொன்னால் அந்த நேரத்தில் சத்தம் இருந்ததா என்றுதான் பார்ப்பார்கள். இரவுப் பணிக்கு எங்களிடம் ஆள் கிடையாது. கதவைத் தட்டலாம், திறக்காவிட்டால் உள்ளே போக அதிகாரம் இல்லை. திறந்தாலும், தங்கியிருப்பவர் நண்பர் வீடு என்று சொல்லிவிட்டால் காசு கைமாறியதற்கு ஆதாரம் எங்கே?

அதனால் கதவுக்குப் போகாதீர்கள், விளம்பரத்துக்குப் போங்கள். அந்த வீட்டின் பக்கத்தைத் தேடிப் பிடித்து, தேதி தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். படத்தில் உங்கள் ஜன்னல் கம்பி, எதிர்க் கட்டடம் ஏதாவது தெரியும், அது எந்த வீடு என்பதற்கு அதுவே சாட்சி. அப்புறம் விருந்தினர் எழுதும் விமர்சனங்கள். இதை யாரும் கவனிப்பதில்லை. ‘எட்டுப் பேர் வந்தோம், விடிய விடிய மொட்டைமாடியில் கொண்டாட்டம், அருமையான இடம்’ என்று அவர்களே மாதத்தோடு எழுதிவைத்திருப்பார்கள். உங்கள் இரவுக் குறிப்பையும் அந்த விமர்சனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொடுத்தால் எந்த அதிகாரியும் ‘காணப்படவில்லை’ என்று எழுத முடியாது. புகாரில் சத்தத்தை இரண்டாவதாகப் போடுங்கள், உரிமம் இல்லாத வாடகை என்பதை முதலில் போடுங்கள்.

நியூயார்க்கில் 2023 செப்டம்பரில் இதைத்தான் தலைகீழாக மாற்றினார்கள். 30 நாளுக்குக் குறைவாக விடுவதென்றால் நகரத்தில் பதிவு வேண்டும், விடுகிறவர் அதே வீட்டில் தங்கியிருக்க வேண்டும், விருந்தினர் இரண்டு பேருக்கு மேல் கூடாது. இதெல்லாம்கூடப் பெரிதில்லை. பதிவைச் சரிபார்க்காமல் ஆன்லைன் வாடகைத் தளம் முன்பதிவை எடுக்கக் கூடாது என்றார்கள். நள்ளிரவில் ஓர் ஆள் வந்து கதவைத் தட்ட வேண்டிய அவசியமே பெருமளவு போய்விடுகிறது. ஜப்பானில் 2018 ஜூனில் வந்த சட்டம் வருடத்துக்கு 180 நாள் என்று உச்சவரம்பு வைத்ததோடு, வாசலில் அறிவிப்புப் பலகை மாட்ட வேண்டும், அக்கம்பக்கத்தார் புகாருக்கு உடனே பதில் சொல்ல வேண்டும் என்றும் சொல்கிறது. அக்கா அம்மாவுக்கு அந்த இரவில் வேண்டியிருந்தது அப்படி உடனே பதில் சொல்லும் ஓர் ஆள்தான்.

*

நான் வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விடுகிறவள். இந்தப் பேச்சில் எனக்கு இடம் இருக்கிறதா தெரியவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஓய்வுக்குப் பிறகு எனக்கு இதுதான் வருமானம். நான் அதே வீட்டில் இருக்கிறேன், யார் வந்தாலும் கதவைத் திறப்பது நான்தான். பக்கத்து இரண்டு வீட்டுக்கும் என் நம்பரைக் கொடுத்து, எந்த நேரமானாலும் கூப்பிடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். ஹாலில் சத்த அளவு காட்டும் சின்னக் கருவி இருக்கிறது, பேச்சைப் பதியாது, அளவு கூடினால் மட்டும் போனுக்குத் தகவல் வரும். வருகிறவர்களிடம் அதை முன்பே சொல்லிவிடுவேன்.

பார்சிலோனாவில் 2028 நவம்பருக்குள் 10,101 சுற்றுலா அடுக்கக வீடுகளின் உரிமத்தையும் புதுப்பிக்காமல் விடப்போவதாக 2024இல் மேயர் அறிவித்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. இங்கேயும் ஒட்டுமொத்தமாக மூடினால் என்னைப் போன்றவர்களும் சேர்ந்து போவோம். ஆனால் உங்கள் அம்மா கதையைப் படித்த பிறகு, ஆளே இல்லாத வீட்டை இப்படி விடுவதற்கு என்னால் வக்காலத்து வாங்க முடியவில்லை.

*

அறை விடுகிற அம்மா, உங்களைப் போல ஒருவர் மேல் வீட்டில் இருந்திருந்தால் நான் இந்தப் பதிவையே போட்டிருக்க மாட்டேன். அந்தச் சாவிப் பெட்டியைத்தான் ஃபுளோரன்ஸ் நகரம் 2025இல் பழைய நகர்ப் பகுதியில் தடை செய்தது என்று படித்தேன், காரணம் எனக்கு நன்றாகவே புரிகிறது.

சார் சொன்னபடி செய்தேன். விளம்பரத்தைப் பிடிக்க இரண்டு மணி நேரம் ஆனது. குளியலறைப் படத்தில் உடைந்த நீல டைல் ஒன்று தெரிந்தது, அது உடைந்த நாளில் எங்கள் கூரையில் தண்ணீர் ஒழுகி நானே மேலே போய்ப் பார்த்திருக்கிறேன். விமர்சனங்களை எண்ணினால் ஒரே மாதத்தில் ஒன்பது குழுக்கள். அதில் மூன்று, நான் கேலண்டரில் வட்டம் போட்டுவைத்த வாரங்களோடு அப்படியே பொருந்தின. காய்ச்சல் குழந்தையின் அம்மாவும் எழுதியிருந்தார்: ‘கீழ் வீட்டுப் பாட்டி இல்லையென்றால் அன்று தெருவில் நின்றிருப்போம்.’ அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். குழந்தைக்குச் சரியாகிவிட்டதா என்று கேட்டார், அது அதில் இல்லை.

எல்லாவற்றையும் சேர்த்து நான்காவது புகாராகக் கொடுத்தேன். இந்த முறை மூடவில்லை, உரிமையாளரை விசாரணைக்கு அழைத்திருக்கிறார்கள், அடுத்த மாதம் தேதி. விளம்பரம் இரண்டு நாள் காணாமல் போனது, பிறகு வேறு பெயரில் திரும்ப வந்தது. அதே நீல டைல். அதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பிவிட்டேன்.